ஊதா மஞ்சளானால் போதுமா? மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. பாடநூலில் உயிரணு என்று இருக்கும். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, செல்தான். இந்த வேலை என்று தெரிந்ததிலிருந்து கல்யாணப் பந்தியில், பேருந்தில், லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடை வாசலில் என்று எங்கே போனாலும் கேள்விகள். எம்.எஸ்சி. மாணவர்கள் கேட்பது தனிக்கணக்கு. அடிக்கடி வருவதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த பந்தியிலாவது பாயசம் ஆறுவதற்குள் குடிக்கலாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன? எல்லா டப்பாவிலும் போட்டிருக்கிறதே?

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒன்றை நறுக்கித் தண்ணீரில் போடாமல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் கத்தரிக்காய்தான். வெட்டுப்பட்ட பக்கம் பழுப்பாகிவிடும். கத்தரிக்காயில் குளோரோஜெனிக் அமிலம் நிறைய இருக்கிறது; பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள் வகையைச் சேர்ந்தது. கத்தி பட்டதும் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறையில் இருந்த இந்த அமிலமும் ஒரு நொதியும் ஒன்றாகக் கலந்து, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறத்தை மாற்றிவிடுகின்றன. இதுதான் ஆக்சிஜனேற்றம். அறுத்த துண்டின் மேல் எலுமிச்சை பிழிந்தால் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. புளிப்பு நொதியை மந்தமாக்குகிறது; வைட்டமின் சி தன் எலக்ட்ரானைக் கொடுத்து அந்த மாற்றத்தைத் திருப்பிவிடுகிறது. எலக்ட்ரானைத் தான் விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் இருப்பது கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பழுப்பாகிப்போன அந்தக் குளோரோஜெனிக் அமிலமும் ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டியலில்தான் இருக்கிறது. எங்கே, யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து ஒரே பொருள் காவல்காரனும் ஆகும், தானே கெட்டும் போகும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான் சுற்றி வரும்.

ஃப்ரீ ராடிக்கல் எல்லாமே உடம்புக்குக் கெடுதலா?

இல்லை. ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றோடு அலையும் மூலக்கூறுக்கு அந்தப் பெயர். நாம் மூச்சுவிடும்போதே செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் கொஞ்சம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதற்கென்றே அதை வேண்டுமென்று தயாரிக்கின்றன. பிறவியிலேயே அதைத் தயாரிக்க முடியாத குழந்தைகளுக்குத் தொற்று மாற்றித் தொற்று வந்துகொண்டே இருக்கும்.

இது அளவு மீறினால் டிஎன்ஏ, செல்சவ்வு, புரதம் எல்லாம் அடிபடும். வயதாவதற்கே இதுதான் காரணம் என்று 1956-ல் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். இன்றைக்கு டப்பாவில் அச்சாகும் வாசகங்களின் மூலம் அங்கேதான். ஆனால் 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஃப்ரீ ராடிக்கலை அடக்க செல் தனக்கென்றே ஒரு நொதி வைத்திருக்கிறது, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். செல் ஒன்றும் திக்கற்றுக் கிடக்கவில்லை. டப்பாக்காரர்கள் 1956-ஐ மட்டும் படித்துவிட்டு 1969-க்கு வராமலேயே நின்றுவிட்டார்கள் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

ஒரு இலையில் இந்தச் சத்து இருக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?

முதலில் இலையைக் கழுவி நிழலில் காய வைப்போம். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் அரை நாளில் அப்பளம்தான். அதனால் அறைக்குள், செய்தித்தாள் மேல், ஒரு வாரம். பிறகு பொடி செய்து மெத்தனாலிலோ எத்தனாலிலோ தண்ணீரிலோ ஊற வைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் அடியில் கரும்பச்சைப் பிசின் மாதிரி ஒன்று தங்கும். அதைத்தான் ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்கிறோம். சாறு என்று எழுதுகிறார்களே தவிர, நீங்கள் அம்மியில் அரைத்துப் பிழிவது இது இல்லை.

அடுத்தது டிபிபிஎச் சோதனை. டிபிபிஎச் என்பது கெட்டுப்போகாமல் குப்பியில் வைத்திருக்கக்கூடிய ஒரு ஃப்ரீ ராடிக்கல். மெத்தனாலில் கரைத்தால் நல்ல ஊதா, நாவல்பழம் தின்ற நாக்கு போல. எக்ஸ்ட்ராக்ட் அதற்கு எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். இருட்டில் அரை மணி நேரம் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு ஊதா மிச்சம் என்று கருவியில் படிப்போம். ஊதாவைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு எக்ஸ்ட்ராக்ட் தேவையோ அதற்கு ஐசி50 என்று பெயர். எண் சிறியதாக இருந்தால் வீரியம் அதிகம். பக்கத்திலேயே ஒப்பிட வைட்டமின் சி ஓடும்.

1958-லிருந்து நடக்கும் முறை. செலவு குறைவு, ஒரு மதியத்தில் முடிந்துவிடும், நிறம் கண்ணெதிரே மாறுவதால் மாணவர்களுக்கும் உற்சாகம். நானும் முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்தேன், பொய் சொல்வானேன்.

குப்பியில் மஞ்சளானால் உடம்புக்கும் நல்லதுதானே?

இங்கேதான் எல்லோரும் தாவுகிறார்கள்.

டிபிபிஎச் என்ற பொருள் எந்த மனித உடம்பிலும் கிடையாது. குப்பியில் செல்சவ்வு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை. இருப்பது மெத்தனால். அதில் இரண்டு வேதிப்பொருள்கள் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று. பச்சையாக இருக்கும் இலை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பாலிஃபீனால் உண்டு. வெயிலையும் பூச்சியையும் சமாளிக்கச் செடி தனக்காகச் செய்துகொள்வது அது. ஆகவே எந்த இலையை வைத்தாலும் கொஞ்சமாவது மஞ்சளாகும். நம் பக்கத்துக் காடுகளில் ஒடுவன் மரம் இருக்கிறது. அதன் இலை எவ்வளவு கொடிய நஞ்சு என்று வேலூர் மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள்; சிறுநீரகம், பொட்டாசியம், இதயத் துடிப்பு என்று வரிசையாகக் குலைக்கும். அந்த இலையிலும் ஃபீனால் பொருள்கள் இருக்கத்தான் செய்கின்றன. எது மருந்து எது நஞ்சு என்று டிபிபிஎச் குப்பிக்குத் தெரியாது.

அப்போது செல்லில் வைத்தே பார்த்துவிடலாமே?

பார்க்கிறோம். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து செல் வரிசைகள், அதாவது ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும் செல்கள், வாங்கலாம். கல்லீரல் பற்றிய வேலை என்றால் பெரும்பாலும் ஹெப்ஜி2. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து வந்தது. பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கிறது. 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, இளஞ்சிவப்பு ஊட்ட நீர், அதில் 10 சதவீதம் கன்றின் சீரம். கைக்குழந்தை மாதிரி. பொங்கலுக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தச் செல்களுக்கு எக்ஸ்ட்ராக்டைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆக்சிஜனேற்றத்தால் செல்லைத் தாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு அடிப்போம். எக்ஸ்ட்ராக்ட் வாங்கிய செல்கள் அதிகம் பிழைக்கின்றனவா, உள்ளே ஆக்சிஜனேற்றம் நடந்தால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயம் குறைவாக ஒளிர்கிறதா என்று பார்ப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ட்ராக்டைக் கழுவாமல் அதன் மேலேயே பெராக்சைடை ஊற்றினால், இரண்டும் ஊட்ட நீரிலேயே மோதிக்கொண்டு தீர்ந்துவிடலாம். செல்லுக்குள் எதுவுமே போயிருக்காது. ‘மூலிகை செல்லைக் காப்பாற்றியது’ என்று எழுதிவிடுவோம். ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்தால் நான் முதலில் தேடுவது நடுவில் கழுவினார்களா என்ற ஒரு வரியைத்தான்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. பல பாலிஃபீனால்கள் அந்த ஊட்ட நீரில் சும்மா இருந்தாலே ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடை உண்டாக்கும். செல்கள் சாகும். உடனே ‘புற்றுசெல்லைக் கொல்லும் மூலிகை’ என்று தலைப்பு. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியைத் தட்டில் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கொலையில் எவ்வளவு பெராக்சைடின் வேலை என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கே இப்படித் தவறு நடந்திருக்கிறதா?

நடக்காமலா. கடுக்காய் எனக்குக் கடுக்காய் கொடுத்த கதை இது.

எம்டிடி என்று ஒரு சோதனை, 1983-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எம்டிடி மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருள், உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக மாற்றும். ஊதா அதிகம் என்றால் உயிரோடு இருக்கும் செல் அதிகம். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் 96 குழித் தட்டில் கடுக்காய் எக்ஸ்ட்ராக்டைப் போட்டு மறுநாள் படித்தேன். மருந்தே போடாத குழிகளைவிட, கடுக்காய் அதிகம் போட்ட குழிகளில்தான் ஊதா அதிகம். செல்கள் பெருகிவிட்டன என்று துள்ளினேன். பக்கத்து மேஜை அக்கா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, ‘வந்து பாரு’ என்றார். செல்கள் எல்லாம் உருண்டு, தட்டை விட்டுக் கிளம்பி, ஜவ்வரிசி மாதிரி மிதந்துகொண்டிருந்தன. செத்துப்போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

பிறகு செல்லே இல்லாத குழியில் கடுக்காயையும் எம்டிடியையும் மட்டும் போட்டேன். அதுவும் ஊதாவாயிற்று! எலக்ட்ரான் கொடுக்கும் எதுவும் எம்டிடியின் நிறத்தை நேரடியாக மாற்றிவிடும். நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே இந்தச் சோதனையை ஏமாற்றும் தகுதி அதற்கு உண்டு என்று அர்த்தம். இரண்டு மாத வேலை குப்பைக்குப் போனது. இப்போது என் மாணவர்கள் செல் இல்லாத குழிகள் ஒரு வரிசை வைக்காமல் தட்டை என் முன்னால் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிட உதவும் என்கிறார்களே, அதையா மருந்தாகச் சாப்பிடுகிறோம்?

இது என் மாமனார் கேட்ட கேள்வி. அவர் பேரணாம்பட்டில் வளர்ந்தவர். குரோமியம் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டைத் தண்ணீரில்தான். கடைசியில் நிறம் எடுக்கக் கடுக்காய். ஆவாரஞ்செடிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே தோல் பதனிடுவோரின் செடி என்று பொருள்படும்.

இரண்டிலும் இருப்பது டானின். கடுக்காய்த் துண்டைக் கடித்தால் வாய் சுருங்குகிறதே, அந்த நேரத்தில் உங்கள் எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்துத் திரட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டுத்தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தையும் இதே பிடியில்தான் கட்டிப்போடுகிறது. அதனால்தான் தோல் அழுகாமல் இருக்கிறது. டிபிபிஎச் குப்பியில் முதல் மதிப்பெண் வாங்குவதும் டானின் நிறைந்த இந்தச் சரக்குகளே. திரிபலாவின் மூன்று காய்களும் அங்கே பொளந்து கட்டும்.

அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. தொட்டியில் தோல் நாள்கணக்கில் ஊறும். நீங்கள் சாப்பிடுவது ஒரு சிட்டிகை. அதிலும் பெரிய டானின்கள் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதே அரிது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உடைத்துத் தரும் சின்னத் துண்டுகள்தான் போகும். பயப்பட வேண்டியது ஆராய்ச்சிக்காரர்கள். தட்டில் உள்ள எந்தப் புரதத்தின் மேலும் டானின் ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘இந்த நொதியைத் தடுத்தது, அந்த நொதியைத் தடுத்தது’ என்று எல்லாச் சோதனையிலும் வெற்றி வரும். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என்று சொன்னால் எனக்குப் பூட்டின் மேல்தான் சந்தேகம் வரும்.

ஒரே ஒரு கீரை உருண்டை எத்தனை ஃப்ரீ ராடிக்கலை அடிக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல்லில் வழக்கமாக நாங்கள் போடும் அளவு ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் எக்ஸ்ட்ராக்ட். அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 40 லிட்டர் தண்ணீர். அதே செறிவு வேண்டும் என்றால் 4 கிராம் எக்ஸ்ட்ராக்ட் ரத்தத்தில் ஏற வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு எக்ஸ்ட்ராக்டாக வரும் என்று வைத்தால் 40 கிராம் காய்ந்த இலை. பச்சையாகக் கிட்டத்தட்ட 200 கிராம். சரி, அது ஒரு கட்டுக் கீரைதானே என்பீர்கள். அந்த 4 கிராமும் ஒரு துளி வீணாகாமல் குடலில் ஏறி, கல்லீரல் தொடாமல் விட்டு, சிறுநீரில் போகாமல் நின்றால்தான் இந்தக் கணக்கு.

நடப்பது வேறு. குவெர்செட்டின் போன்ற பாலிஃபீனால்கள் சாப்பாட்டின் வழியாக ரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலைத் தாண்டுவதே அபூர்வம். மில்லிக்கு 0.3 மைக்ரோகிராம். செல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் குளுட்டாதயோன் என்ற சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சரக்கோ லிட்டருக்கு 1 முதல் 10 மில்லிமோல். குறைந்தபட்சம் ஆயிரம் மடங்கு அதிகம். கீரையிலிருந்து வந்த மூலக்கூறு நேரே போய் ஃப்ரீ ராடிக்கலைப் பிடிக்கிறது என்பது, பாலாற்றில் வெள்ளம் வரும்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி ‘நானும் ஊற்றினேன்’ என்பது போல.

மஞ்சளில் உள்ள குர்குமின் இன்னும் மோசம். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மிளகில் உள்ள பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் பல மடங்கு ஏறியது. பொங்கலுக்கும் ரசத்துக்கும் மிளகு போடுபவர்களுக்கு இதைக் கேட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் பிப்பரின் செய்வது, உடம்பு வேண்டாததை வெளியே தள்ளும் வேலையைத் தடுப்பது. நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரையின் அளவும் அதனால் ஏறலாம். குர்குமினும் பிப்பரினும் சேர்ந்த மாத்திரைகளை விற்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அப்படியானால் மூலிகை செல்லில் எந்த வேலையும் செய்யவில்லையா?

செய்கிறது, வேறு வழியில். எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பகுதி இது.

செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம். அதைக் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்துவைத்து, தொடர்ந்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். உறுத்தலான பொருள் ஏதாவது உள்ளே வந்து கீப்1-இன் கந்தக முனைகளில் ஒட்டினால் பிடி தளரும். என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் தயாரிப்பது முதல் நச்சை வெளியேற்றுவது வரை ஏகப்பட்ட மரபணுக்களைத் தட்டி எழுப்பும். ப்ராக்கோலியில் உள்ள சல்ஃபோராஃபேன் இதற்குப் பெயர்போனது. கடுகின் காரம் அதற்கு நெருங்கிய சொந்தம். செல் சோதனையில் குர்குமினும் இதைச் செய்கிறது.

கவனித்தீர்களா? இங்கே மூலிகைப் பொருள் ஃப்ரீ ராடிக்கலை அடிக்கவே இல்லை. செல்லைக் கொஞ்சம் சீண்டுகிறது, செல் தன் ஆயுதத்தைத் தானே எடுக்கிறது. நள்ளிரவில் தெருநாய் குரைத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடுவது மாதிரி. நாய் திருடனைப் பிடிக்கவில்லை, ஆனால் விளக்கு எரிந்துவிட்டது. இதற்குச் சின்ன அளவே போதும். அதிகம் கொடுத்தால் சீண்டல் அடியாக மாறும். கடுக்காய்த் தட்டில் நான் பார்த்தது அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

அதிக அளவில் மாத்திரையாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே?

இதை மனிதர்களிடமே பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-ல் முடிவு வந்தது. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி சோதனையை 1996-ல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, அங்கே 28 சதவீதம். 35,533 ஆண்களிடம் நடந்த இன்னொன்றில் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் அறிவித்தார்கள். கேரட்டையோ வேர்க்கடலையையோ யாரும் குறைசொல்லவில்லை. பிரித்தெடுத்து, செறிவாக்கி, வருடக்கணக்கில் தினமும் விழுங்கியதால் வந்த வினை.

கீமோ எடுப்பவர் சீந்தில், வேம்பு, மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிடலாமா?

வேலூருக்கு நாடு முழுவதிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறார்கள். லாட்ஜ் அறைகளில் வங்காளம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் ஒருவருக்கொருவர் கஷாயம் பரிமாறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அன்பு புரிகிறது. ஆனால் கதிர்வீச்சு சிகிச்சையே பெருமளவு ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கித்தான் கட்டியைக் கொல்கிறது. சில கீமோ மருந்துகளும் அப்படித்தான். சில நுரையீரல் புற்றுகளில் கீப்1 பழுதாகி, மேலே சொன்ன என்ஆர்எஃப்2 நிரந்தரமாக விழித்திருந்து கட்டியையே காவல் காக்கிறது. 2014-ல் எலிகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தபோது நுரையீரல் கட்டிகள் வேகமாக வளர்ந்தன.

சீந்தில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் அதைத் தொடர்ந்து சாப்பிட்ட ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படியோ போகட்டும். சிகிச்சையில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் டப்பாவோடு காட்டுங்கள். திட்டுவார் என்று மறைப்பதுதான் ஆபத்து.

ராணிப்பேட்டை குரோமியத்துக்கு நெல்லிக்காய் முறிவா?

நல்ல கேள்வி, பதில் வில்லங்கமானது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பே வேலூரிலிருந்து போன தோல் ஆலைக் கழிவு வழக்கில்தான். குரோமியம் இரண்டு வடிவில் வரும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று எலக்ட்ரான் இழந்த மூவிணை குரோமியம். நச்சு மிகுந்தது ஆறு எலக்ட்ரான் இழந்த அறுவிணை குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருப்பது இதுதான். இது சல்ஃபேட் போலவே உருவம் காட்டி, சல்ஃபேட் போகும் வாசல் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடும்.

வயிற்றில் இருக்கும்போதே நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி அதற்கு எலக்ட்ரான் கொடுத்தால் மூவிணையாக மாறும். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது, நல்லது. ஆனால் செல்லுக்குள் போன பிறகு இதே வைட்டமின் சியும் குளுட்டாதயோனும் எலக்ட்ரான் கொடுக்கும்போதுதான் இடையில் ஃப்ரீ ராடிக்கல்கள் பிறக்கின்றன, மாறிவந்த குரோமியம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. வாசலுக்கு வெளியே காவல், உள்ளே வந்தால் கூட்டாளி. நெல்லிக்காயை நெல்லிக்காய்க்காகச் சாப்பிடுங்கள். கிணற்றுத் தண்ணீருக்கு நெல்லிக்காய் பதில் ஆகாது.

கீழாநெல்லி மஞ்சள்காமாலையைக் குணப்படுத்துவது ஆன்டிஆக்ஸிடன்டாலா?

எங்கள் அத்தை மழை விட்டதும் வரப்பில் பறித்து, மோரில் அரைத்துக் கொடுப்பார். காமாலை போய்விடும். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று. அது எதுவும் கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானே இறங்கும் என்று அத்தையிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

இதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1988-ல் சென்னையில் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வாங்கிய 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத வெறும் பொடி வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான். நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அதே பலன் வரவில்லை. கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுக்கொன்று ஒத்த பல செடிகள் கடைக்கு வருகின்றன என்பதும் இதில் ஒரு சிக்கல்.

மஞ்சள் இரண்டு வாரம் தாண்டினாலோ, மலம் வெளுத்து வந்தாலோ, பெரியவர்களுக்கு எடை குறைந்துகொண்டே வந்தாலோ மோரோடு காத்திருக்காதீர்கள். பித்தப்பைக் கல்லும் கட்டியும் இதே மஞ்சளைத்தான் காட்டும்.

ஆய்வுக் கட்டுரையில் சொன்னதும் நான் போடும் கஷாயமும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. அவர்கள் மெத்தனாலில் எடுத்திருப்பார்கள், நீங்கள் தண்ணீரில் கொதிக்க வைக்கிறீர்கள். குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. டானின் நன்றாக இறங்கும். வைட்டமின் சி கொதியில் குறையும்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எந்த மூலிகை எடுக்கலாம் மேடம்?

ஜனவரி வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். எந்தச் செடி என்பது இரண்டாம் பட்சம். ‘இன்ன இலையின் ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மை’ என்று தலைப்பு வைத்தால் விடை முன்கூட்டியே தெரியும்: இருக்கிறது. பச்சை இலை என்றால் இருக்கத்தான் செய்யும். விடை ‘இல்லை’ என்றும் வரக்கூடிய ஒரு கேள்வியைக் கொண்டு வாருங்கள். கழுவிய பிறகும் பாதுகாப்பு நிற்கிறதா? நம் ரத்தத்தில் வரக்கூடிய சின்ன அளவிலும் வேலை செய்கிறதா? கொதித்த தண்ணீரில் எடுத்ததும் மெத்தனாலில் எடுத்ததும் செல்லுக்கு ஒன்றா?

செடியை வேரோடு, பூவோடு பறித்து, தாவரவியல்காரரிடம் பெயர் உறுதி செய்து, ஒரு மாதிரியை அழுத்திக் காய வைத்து எண் போட்டு வைத்துவிடுங்கள். போன வருடம் ஒரு மாணவி கடையில் வாங்கிய பொடியில் மூன்று மாதம் ஓட்டிவிட்டு, அடுத்த பொட்டலத்தில் வேறு எண்கள் வந்து திணறினாள். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, ‘இன்னாமா பண்றது, அது வேற லோடு’ என்றாராம்.

கடைசியாக ஒன்று: நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

செவ்வாய், வெள்ளி முருங்கைக்கீரை. கூடை அம்மா அன்றுதான் வருவார். கத்தரிக்காய் சீசனில் எண்ணெய்க் கத்தரிக்காய். கடுக்காய்ப் பொடி ஒரு டப்பா இருக்கிறது, மாமனார் வாங்கியது. இரவில் வெந்நீரில் கலந்து குடிப்பார். எனக்கு அந்தத் துவர்ப்பு பட்டாலே 96 குழித் தட்டு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.